தமிழ் வழியே குவென்யா: பழகிய இடத்தில்தான் கால் வழுக்கும்

எழுத்தாளர் டோல்கீன் தன் கதை உலகுக்காக உருவாக்கிய குவென்யா மொழியைக் கற்கத் தொடங்கும் தமிழர் எவருக்கும் முதல் வாரம் இனிப்பாகவே போகும். வேற்றுமை உருபு பெயரோடு ஒட்டிக்கொள்கிறது. வினையின் கடைசியில் 'நான்', 'நீ' வந்து உட்கார்ந்துகொள்கின்றன. குறில் நெடில் உண்டு, இரட்டிக்கும் மெய் உண்டு, 'நாம்' வேறு 'நாங்கள்' வேறு. ஆங்கிலம் மட்டுமே அறிந்தவர் பல வாரம் மல்லுக்கட்டும் பகுதிகளை நாம் ஒரே மாலையில் கடந்துவிடலாம். சிக்கல் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. பழகியதுபோல் தெரிகிற இடங்களில் தமிழ் தானாக வேலை செய்யத் தொடங்கிவிடும். பிழைகள் பெரும்பாலும் அங்கேதான் விழும்.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ் எழுதிய ஜே. ஆர். ஆர். டோல்கீன் 1915 வாக்கில் இந்த மொழிக்கு ஓர் அகராதி எழுதத் தொடங்கி, 1973இல் இறக்கும்வரை திருத்திக்கொண்டே இருந்தார். ஆக்ஸ்ஃபோர்டில் மாணவராக இருந்தபோது அவர் கையில் கிடைத்த ஃபின்னிய இலக்கண நூல்தான் இதன் ஓசைக்கும் உருபுகளுக்கும் வித்து. லத்தீனும் கிரேக்கமும் பிறகு கலந்தன. கதை உலகில் இது எல்ஃப் என்ற கற்பனை இனத்தாரின் செம்மொழி: சடங்குக்கும் பாட்டுக்கும் கல்விக்கும் உரியது. அன்றாடப் பேச்சுக்கு ஸிந்தரின் என்ற இன்னொரு மொழி இருக்கிறது. ரோமன் எழுத்தில் லத்தீனைப்போலத் தோன்றும்படி டோல்கீன் வேண்டுமென்றேதான் எழுதினார். ஆங்கில எழுத்து 'சி' எங்கு வந்தாலும் ககர ஒலிதான், ஸகரம் ஆகாது.

ஒலி: முதல் இரண்டு வாரமும் இதற்கே

உயிர் ஐந்து, ஒவ்வொன்றுக்கும் குறிலும் நெடிலும் உண்டு. எ-ஏ, ஒ-ஓ வேறுபாட்டைத் தமிழ் எழுத்து துல்லியமாகக் காட்டிவிடும். ரோமன் எழுத்தில் எகரத்தின் தலையில் இரண்டு புள்ளி வைத்திருந்தால் மிரள வேண்டாம். அந்த எகரத்தை விழுங்காமல் தனியாக ஒலிக்கச் சொல்லும் குறிப்பு அது; அளவு குறில்தான்.

வல்லினத்தில்தான் முதல் பள்ளம். தமிழில் சொல்லின் முதலிலும் இரட்டிக்கும்போதும் த அழுத்தமாக ஒலிக்கும்: தலை, பத்து. உயிருக்கு நடுவிலும் மெல்லினத்தை அடுத்தும் அதுவே இளகிவிடும்: பாதம், பந்து. நாம் யோசித்துச் செய்வதில்லை, வாய் தானே செய்கிறது. குவென்யாவில் உயிருக்கு நடுவே வரும் ஒற்றை த, க, ப எப்போதும் அழுத்தமானவை. 'அதர்' என்றால் தந்தை. அதில் தகரத்தை நம் வழக்கப்படி இளக்கினால் வருவது ஸிந்தரின் மொழியில் தந்தையைக் குறிக்கும் சொல்லின் சாயல். ஒரே மூச்சில் மொழியே மாறிவிடுகிறது. சரி, அழுத்திச் சொல்ல 'அத்தர்' என்று இரட்டித்துவிடலாமே என்று தோன்றும். அதுவும் ஆகாது. 'அத' என்றால் மறுபடி, 'அத்த' என்றால் இரண்டு. ஒற்றையாகவும் இருக்க வேண்டும், அழுத்தமாகவும் இருக்க வேண்டும்.

மெல்லினத்துக்குப் பின் நிலைமை இன்னும் கடினம். அங்கே குவென்யா இரண்டையும் வைத்திருக்கிறது. தமிழில் 'அந்த' என்று எழுதி, பந்துவில் வரும் தகரத்தோடு படித்தால் அது 'நீளமான' என்ற சொல். அதே எழுத்தை பத்துவில் வரும் தகரத்தோடு படித்தால் 'கொடு' என்ற வினையடி. இனி இங்கே அழுத்தமான இணையை 'ன்த' என்றும், இளகியதை 'ந்த' என்றும் எழுதுகிறேன். 'ன்த' தமிழ்க் கண்ணுக்கு உறுத்தும். அந்த உறுத்தல்தான் நமக்கு வேண்டும். 'லன்த' விழு, 'லந்த' அகலமான. 'அன்தொ' வாய், 'அந்தொ' வாசல். ககரத்திலும் இதே கதை: 'அன்க' தாடை, 'அங்க' இரும்பு.

இதைப் பழக ஒரு வழி உண்டு. தமிழில் சொல்லின் முதல் வல்லினம் தானாகவே அழுத்தமாக வருமல்லவா? சொல்லை அங்கேயே வெட்டுங்கள். 'அ' என்று சொல்லி நிறுத்தி, புதிய சொல் தொடங்குவதுபோல் 'தர்' சொல்லுங்கள். இடைவெளியைப் பத்துப் பன்னிரண்டு தடவையில் சிறிது சிறிதாகக் குறைத்து ஒட்டுங்கள். 'அன்', 'தொ' என்பதையும் அப்படியே. விரலைத் தொண்டைக் குழியில் வைத்துக்கொண்டால் தெரியும்: அழுத்தமான தகரத்தில் அதிர்வு ஒரு கணம் அறுந்துபோகும், இளகியதில் அறாது. பிறகு அத, அத்த, அன்த, அந்த என்ற நான்கையும் கலைத்துப் போட்டு இருபது சொல்லாகக் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். பட்டியலைப் பாராமல் மறுநாள் கேட்டு, எது எது என்று எழுதுங்கள். நம் பதிவு நமக்கே பிடிபடவில்லை என்றால் வேறு யாருக்கும் பிடிபடாது. இந்தப் பயிற்சியைத் தாண்டாமல் இலக்கணத்துக்குப் போனால் தவறான ஒலியோடு சொற்கள் மனத்தில் பதிந்துவிடும். அதைப் பின்னால் பிடுங்குவது இரட்டை வேலை.

அடுத்த பள்ளம் சொல்லின் இறுதி. தமிழ்ச் சொல் குறில் எகரத்தில் முடிவதில்லை. குறில் ஒகரத்தில் முடிவது 'நொ' என்ற ஓரெழுத்துச் சொல் மட்டுமே. குவென்யாச் சொற்கள் பலவும் அப்படித்தான் முடியும். 'லஸ்ஸெ', இலை. நம் வாய் அதை 'லஸ்ஸே' என்று நீட்டும். அகரத்தையும் நீட்டும். மொழியின் பெயரையே நாம் 'குவென்யா' என்கிறோம், சரியான ஒலி 'க்வென்ய'. தமிழ்க் கட்டுரையில் அது புழங்கும் வடிவம், இருக்கட்டும். குவென்யாவில் பேசும்போது இருக்கக் கூடாது. ஏனென்றால் 'கிர்ய' என்றால் கப்பல். நூல்வழக்கில் 'கிர்யா' என்றால் 'கப்பலை'. ஈற்றை நீட்டியதால் இரண்டாம் வேற்றுமை வந்துவிடுகிறது. மெய்யில் முடியும் சொல்லுக்குப் பின் உகரம் ஒட்டும் பழக்கத்தையும் விட வேண்டும். 'கிர்யத்', இரண்டு கப்பல்கள், 'கிர்யத்து' அல்ல.

இரண்டு உயிர் அடுத்தடுத்து வந்தால் நாம் உடம்படுமெய் போட்டுவிடுவோம். 'எரெஸ்ஸெஅ' என்ற தீவின் பெயர் 'எரெஸ்ஸெய' ஆகிவிடும். எகரமும் அகரமும் இரண்டு தனி அசை. நடுவே யகரம் நுழையக் கூடாது.

அழுத்தம் எந்த அசையில் விழும் என்பதற்கு நம் யாப்புச் சொற்களே போதும். ஈரசைச் சொல்லில் முதல் அசை. அதைவிட நீண்டதில் ஈற்றயல் அசையைப் பாருங்கள்: நெடிலோ, ஐ ஔ போன்ற கூட்டுயிரோ, ஒற்றடுத்த குறிலோ இருந்தால் அழுத்தம் அங்கே. வெறும் குறில் என்றால் அதற்கும் முந்தைய அசைக்கு நகரும். 'எலென்தாரி'யில் தா. 'அன்கலிம'வில் லி வெறும் குறில், ஆகவே க. 'ஒரொமெ'யில் முதல் ஒ. நம் பேச்சில் அழுத்தம் பொருளை மாற்றுவதில்லை என்பதால் இதை அலட்சியமாக விட்டுவிடத் தோன்றும். ஆனால் செய்யுளைப் படிக்கும்போது ஓசை முழுதும் இதில்தான் நிற்கிறது.

எழுத்து: தள்ளிப்போட வேண்டாம்

குவென்யாவுக்கென்று டோல்கீன் வகுத்த தெங்வார் எழுத்தை அலங்காரம் என்று நினைத்துக் கடைசிக்கு ஒதுக்குவது வழக்கம். தமிழருக்கு அது சரியான முடிவு அல்ல என்பது என் உறுதியான கருத்து. தமிழ் எழுத்து ஒன்றாக்கிவிடும் ஒலிகளைத் தெங்வார் தனித்தனி எழுத்தாக வைத்திருக்கிறது. மேலே சொன்ன அந்தொ, அன்தொ இரண்டும் தெங்வார் எழுத்துகளின் பெயர்களே. இரண்டுக்கும் ஒரே வளைவுகள், வலப்பக்கம் இரண்டு. தண்டு கீழே இறங்கினால் அந்தொ, மேலே எழுந்தால் அன்தொ. அங்க, அன்க இணையும் இப்படியே. வளைவு மட்டும் இடப்பக்கம். இந்த நான்கு எழுத்தையும் பெயர் சொல்லிக்கொண்டே தினம் ஒரு பக்கம் எழுதினால் காதும் கையும் சேர்ந்து பழகும்.

மொத்தம் 36 எழுத்து: ஒழுங்கான கட்டத்தில் 24, கூடுதலாக 12. கட்டத்தில் நிரல் நான்கு, பிறப்பிடத்தை ஒட்டியவை: பல், இதழ், அண்ணம், இதழ் குவிந்த அண்ணம். படி ஆறு, ஒலிக்கும் முறையை ஒட்டியவை. க ச ட த ப ற என்று பிறப்பிடம் பார்த்து அடுக்கிய மரபில் வந்த நமக்கு இது அந்நியமாக இராது.

உயிர்க்குறி இன்னும் நெருக்கம். குவென்யா முறையில் உயிர்க்குறி தனக்கு முந்தைய மெய்யின் தலையில் ஏறும்; நம் உயிர்மெய்போலத்தான். அகரத்துக்கு மூன்று புள்ளி, இகரத்துக்கு ஒன்று, எகரத்துக்குச் சாய்கோடு, ஒகரமும் உகரமும் எதிரெதிர்த் திசையில் சுருளும் கொக்கிகள். சொல் உயிரில் தொடங்கினால் அதைத் தாங்க வெறும் தண்டு ஒன்று போட வேண்டும்: குறிலுக்குக் குட்டை, நெடிலுக்கு நீளம். மெய் இரட்டித்தால் அடியில் ஒரு கோடு. இணையத்தில் கிடைக்கும் மாதிரிகள் பலவும் ஸிந்தரின் முறையில் எழுதியவை. அதில் உயிர்க்குறி அடுத்து வரும் மெய்யின்மேல் ஏறும். எந்த முறை என்று பாராமல் படி எடுத்தால் உயிரெல்லாம் இடம் மாறிப்போகும்.

தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ் நூலின் பிற்சேர்க்கையில் டோல்கீன் காட்டும் ஒரு நுட்பம் தமிழரை நிச்சயம் மகிழ்விக்கும். குவென்யாவில் அகரம் மிகுதி என்பதால் அதன் குறியை விட்டுவிட்டே எழுதுவதுண்டு. 'கல்ம' என்ற சொல்லுக்கு, அதாவது விளக்குக்கு, க ல ம என்ற மூன்று எழுத்தே போதும். புள்ளி இல்லாத ஓலைச்சுவடியை நினைத்துக்கொள்ளுங்கள். படிப்பவர் எப்படிக் கண்டுகொள்வார்? குவென்யாச் சொல் 'க்ல' என்று தொடங்காது, மகர மெய்யில் முடியாது. ஆகவே முதலிலும் கடைசியிலும் அகரம் இருந்தே தீர வேண்டும். 'கலம' என்று படிக்கவும் இடம் உண்டு, ஆனால் அப்படி ஒரு சொல் இல்லை.

உருபு: 'கு' ஒன்று, வேலை இரண்டு

'கிர்ய'வை வைத்தே பார்க்கலாம். கிர்யஸ்ஸெ, கப்பலில். கிர்யல்லொ, கப்பலிலிருந்து. கிர்யனென், கப்பலால். இதுவரை தமிழோடு ஒன்றுக்கு ஒன்று பொருந்தும். நான்காம் வேற்றுமையில் பொருத்தம் உடைகிறது. 'கப்பலுக்குக் கொடு', 'கப்பலுக்குப் போ' இரண்டுக்கும் நமக்குக் 'கு'தான். குவென்யாவில் கொடுப்பதற்கு 'கிர்யன்', போவதற்கு 'கிர்யன்ன'. தமிழர் எழுதும் வாக்கியங்களில் அடிக்கடி கண்ணில் படும் பிழை இது. சோதனை எளிது: 'கு' இருக்கும் இடத்தில் 'நோக்கி' அல்லது 'மேல்' என்று வைத்துப் பாருங்கள். பொருள் நின்றால் 'ன்ன'.

'உடைய'வும் இரண்டாகப் பிரியும். ஒருவர் இப்போது வைத்திருக்கும் பொருளுக்கு 'வ'; ஒருவரிடமிருந்து வந்ததற்கு 'ஒ'. ஒரொமெ என்ற தெய்வத்தின் கொம்பு அவரிடமே இருந்தால் 'ரோம ஒரொமேவ'. அவரிடமிருந்து வந்த கொம்பு என்றால் 'ரோம ஒரொமெஒ'. நம் தற்கிழமை, பிறிதின்கிழமைப் பாகுபாடு நினைவுக்கு வரும். ஆனால் கோடு அதே இடத்தில் விழவில்லை என்பதால் அதை அப்படியே கொண்டுவந்து பொருத்த வேண்டாம். 'ஒ' சேரும்போது ஈற்று அகரம் விழுந்துவிடும்: கிர்ய, கிர்யொ. ஏற்கெனவே ஒகரத்தில் முடியும் சொல்லில் உருபு தெரியவே தெரியாது. 'கிர்யமொ' என்பது மாலுமியும்தான், மாலுமியினுடையதும்தான்.

மரம் என்பது மரத்தை என்று ஆவதுபோல, சொல்லின் அடி உருபுக்கு முன்தான் வெளிவரும். 'ஃபிலித்' சிறு பறவை, பன்மை 'ஃபிலிகி'. 'தலன்' தரை, பன்மை 'தலமி'. சொல்லை மட்டும் மனப்பாடம் செய்தால் இவை பிடிபடா. அடியையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

எண் நான்கு: ஒருமை, இருமை, பன்மை, 'சில' என்ற பொருள் தரும் இன்னொரு பன்மை. பன்மை விகுதி இரண்டு. அகரம், ஒகரம், இகரத்தில் முடிந்தால் பெரும்பாலும் 'ர்'. மெய்யிலோ எகரத்திலோ முடிந்தால் பெரும்பாலும் 'இ'. கிர்யர், கப்பல்கள். லஸ்ஸி, இலைகள். எலெனி, விண்மீன்கள். நாம் மறப்பது பெயரடையை. 'சிவந்த இலை', 'சிவந்த இலைகள்' என்று தமிழ்ப் பெயரடை அசையாது. குவென்யாவில் அது பன்மையில் மாறும். 'கர்னெ' என்ற சிவப்பு, இலைகளுக்கு முன் 'கர்னி'.

ஒரு வாக்கியத்தைப் பிரித்துப் பார்க்கலாம். 'இலைகள் மரத்திலிருந்து கப்பல்மேல் விழுந்தன.' தமிழ் மனம் முதலில் எழுதுவது இப்படி இருக்கும்: லஸ்ஸி அல்தல்லொ கிர்யன் லந்தனென்தெ. 'கிர்யன்' என்பது கொடை உருபு. விழுவதற்கு 'கிர்யன்ன' வேண்டும். 'லந்த' என்று இளக்கியதால் விழுதல் போய் அகலம் வந்துவிட்டது. கடைசிப் பிழைதான் ஆழமானது. 'விழுந்தன' என்பதில் விகுதி இருப்பதால் இங்கேயும் 'அவை' என்னும் 'ன்தெ'யைச் சேர்த்திருக்கிறோம். குவென்யாவில் எழுவாய் பெயராக வெளிப்பட்டு நின்றால் வினைக்கு இட விகுதி கிடையாது. பன்மையைக் காட்ட ஒரு 'ர்' போதும். எழுவாய் மறைந்திருந்தால்தான் விகுதி. திருத்திய வடிவம்: லஸ்ஸி லன்தனெர் அல்தல்லொ கிர்யன்ன. வினையைக் கடைசியில் வைப்பது பிழை என்று சொல்ல முடியாது, உருபுகள் இருப்பதால் சொல் இடம் மாறலாம். ஆனால் எல்லா வாக்கியமும் வினையில் முடிந்தால் உரைநடை தமிழ் வாடை அடிக்கும்.

நிகழ்காலத்தில் ஒரு சிறு எச்சரிக்கை. 'உண்கிறான்' என்பது நமக்கு வழக்கமும் ஆகும், இந்தக் கணமும் ஆகும். குவென்யாவில் வழக்கத்துக்கு 'மதெ', இப்போது நடப்பதற்கு 'மாத'. இறந்தகாலம் 'மன்தெ', எதிர்காலம் 'மதுவ', முடிந்துபோனது 'அமாதிஎ'. அடியின் உயிர் முன்னால் ஒட்டி, நடுவில் நீள்வதைக் கவனியுங்கள்.

நாம், நாங்கள், பதிப்பு

குவென்யாவில் பெரிதும் அறியப்பட்ட வாழ்த்து, நம் சந்திப்பின் வேளையில் விண்மீன் ஒளிர்வதைச் சொல்வது. தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ் நூலின் 1954ஆம் ஆண்டு முதல் பதிப்பில் அதன் கடைசிச் சொல் 'ஒமென்திஎல்மொ'. இரண்டாம் பதிப்பில் 'ஒமென்திஎல்வொ'. 'ஒமென்திஎ' சந்திப்பு, கடைசி 'ஒ' உடைமை. நடுவில் நிற்கும் 'ல்ம', 'ல்வ'தான் மாறியது. கேட்பவரையும் சேர்த்த 'நம்' என்பதற்கு முன்பு 'ல்ம' இருந்தது. 1960களின் நடுவில் டோல்கீன் அமைப்பை மாற்றினார்: 'ல்வ' நம், 'ல்ம' எங்கள். எதிரில் நிற்பவரை வாழ்த்தும்போது 'எங்கள் சந்திப்பு' என்று சொல்வது எவ்வளவு அபத்தம் என்பதைத் தமிழருக்கு விளக்க வேண்டியதே இல்லை.

இந்த ஒரு மெய் மாற்றம் ஒரு நடைமுறைப் பாடம் தருகிறது. குவென்யா ஒரே நாளில் முடித்துவைத்த மொழி அல்ல. 1915இல் தொடங்கிய அகராதி 1998இல்தான் அச்சானது. 1930களின் சொற்பிறப்புத் தொகுப்பு 1987இல் வந்தது. பிற்காலக் குறிப்புகள் இன்னும் பின்னால் வந்தன. எல்லாம் இன்று ஒரே தேடுபொறியில் கலந்து கிடைக்கின்றன. ஒரு காலத்துச் சொல்லை வேறு காலத்து விகுதியோடு ஒட்டினால் டோல்கீன் எந்த ஆண்டிலும் எழுதியிராத மொழி உருவாகும். ஆர்வலர்கள் இடைவெளியை நிரப்ப ஆக்கிய சொற்களும் அதே பட்டியல்களில் கிடக்கின்றன; அவற்றைப் பயன்படுத்துவதில் தவறில்லை, தெரிந்து பயன்படுத்த வேண்டும்.

எனவே ஒவ்வொரு சொல்லுக்கும் ஓர் அட்டை வையுங்கள். முன்பக்கம் தெங்வாரில் சொல். பின்பக்கம் ஐந்து வரி: பொருள், அடி, பன்மை, எந்தத் தொகுப்பில் வருகிறது, எந்தப் பத்தாண்டைச் சேர்ந்தது. டோல்கீன் எழுதாத ஆக்கச் சொல் என்றால் மூலையில் ஒரு நட்சத்திரக் குறி. நாளுக்கு ஐந்து அட்டைக்கு மேல் வேண்டாம். ஐந்தையும் உருபு ஏற்றி வாய்விட்டுச் சொல்லவே கால் மணி நேரம் போய்விடும். சொல்லைத் தேடிக் கிடைக்கவில்லை என்றால் எழுத்துக்கூட்டலை மாற்றிப் பாருங்கள். பழைய குறிப்புகளில் ககரத்துக்கு 'சி' என்ற எழுத்துக்குப் பதில் 'கே' இருக்கும், ஆகவே கிர்ய இரண்டு இடத்தில் கிடைக்கலாம்.

தெங்வாரில் தட்டச்சு செய்வோருக்கு ஒன்று. யூனிகோடில் இந்த எழுத்துக்கு இன்னும் இடம் ஒதுக்கப்படவில்லை. எழுத்துருக்கள் தனிப்பயன் பகுதியிலோ ரோமன் எழுத்துகளின் இடத்திலோ இதை வைத்திருக்கின்றன. அதே எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் கட்டங்களோ பொருளற்ற ரோமன் எழுத்துகளோ தெரியும். ஒருவருக்கு அனுப்பும்போது படமாக மாற்றி அனுப்புங்கள். கூடவே ரோமன் எழுத்திலும் ஒரு வரி சேருங்கள். தமிழ் எழுத்தில் மட்டும் அனுப்பினால், பெறுபவர் 'அந்த' என்பதைக் கொடு என்று படிப்பாரா, நீளம் என்று படிப்பாரா என்பது அவர் பழக்கத்தைப் பொறுத்துப் போய்விடும்.